"நான் போதுமானவள்" என்று தினமும் சொல்கிறேன், சொல்லச் சொல்ல மனம் கனக்கிறது

மழைத்துளி

வணக்கம். இதை இங்கே கேட்கலாமா என்று ஒரு வாரமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு 33 வயது. ஆறு வருடமாகப் பதற்றம் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் ஒரு அழுத்தம். அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் முந்தைய இரவே தூக்கம் போய்விடும். சின்னத் தவறு நடந்தாலும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும், மூன்று நாள் நகராது.

நாற்பது நாளைக்கு முன்னால் அஃபர்மேஷன் செயலி ஒன்றைப் போனில் ஏற்றினேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று பத்து வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். "நான் அமைதியானவள். நான் அன்புக்குத் தகுதியானவள். நான் போதுமானவள். என்னால் எல்லாம் முடியும்." ஒரு நாள்கூட விடவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளிருந்து ஒரு பதில் வர ஆரம்பித்தது. "நான் அமைதியானவள்" என்றால் "கை நடுங்குகிறதே" என்கிறது. "அன்புக்குத் தகுதியானவள்" என்றால் பழைய சம்பவங்கள் வரிசையாக வருகின்றன. இப்போதெல்லாம் அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் அழுதுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

நான் தவறாகச் செய்கிறேனா? இன்னும் நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமா? விட்டுவிட்டால் இதிலும் தோற்றுவிட்டேன் என்று ஆகிவிடும் போலிருக்கிறது.

---

தொடுவானம்

தோழி, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். பழக்கம் படிவதற்குக் காலம் பிடிக்கும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். உள்ளே இருக்கும் எதிர்க்குரல் பல வருடம் ஊறியது, நாற்பது நாளில் போய்விடாது. நான் நாலு வருடமாகச் செய்கிறேன். எனக்குப் பலன் இருக்கிறது. சந்தேகம் வரும்போது இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

---

எழுத்தாணி

தொடுவானம் அண்ணா நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் "இன்னும் உரக்க" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மன்னிக்கவும். மழைத்துளி சொல்வது அவர் ஒருவருக்கு மட்டும் நடப்பது இல்லை. இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள்.

2009ஆம் ஆண்டு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களை உட்காரவைத்து நான்கு நிமிடம் மனதில் தோன்றுவதை எழுதச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை: மணியோசை கேட்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவர்" என்ற பொருள்படும் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்காக அந்த வாக்கியம் எழுதப்பட்டதோ அவர்களையே அது அடித்திருக்கிறது.

காரணம் யோசித்தால் புரியும். நம்மைப் பற்றி நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செய்தியைச் சொன்னால் மனம் "சரி, இருக்கலாம்" என்று ஏற்கும். வெகு தூரத்தில் உள்ளதைச் சொன்னால் உடனே எதிர்வழக்கு நடத்தத் தொடங்கிவிடும், சாட்சியங்களைத் தேடி எடுத்து வந்து கொட்டும். நீங்கள் சொன்ன "பழைய சம்பவங்கள் வரிசையாக வருகின்றன" என்பது அதுதான். பத்து வாக்கியம், நாற்பது நாள். நானூறு முறை உங்களை நீங்களே கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நீங்கள் எதிலும் தோற்கவில்லை. கொடுக்கப்பட்ட மருந்து உங்கள் உடம்புக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

---

மழைத்துளி

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நாளாக என் மனசுதான் கோணல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி, எழுத்தாணி.

---

சாம்பல்குருவி

எனக்கு உதவியது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் யாரோ ஒருவர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

நான் சொல்வது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் நூறு வருடப் பழையது. எமில் குவே என்று ஒரு பிரெஞ்சு மருந்தாளுநர் இருந்தார் (1857 முதல் 1926 வரை வாழ்ந்தவர்). நான்சி என்ற நகரத்தில் மக்களுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுத்தார். "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்." காலையில் எழுவதற்கு முன்பும், இரவு தூங்கும் முன்பும், கண்ணை மூடி, தனக்கே கேட்கும் அளவில் இருபது முறை சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் மனம் போகக் கூடாது என்பதற்காக இருபது முடிச்சு போட்ட ஒரு கயிற்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மழைத்துளி கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, "நான் நன்றாக இருக்கிறேன்" என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. "தேறி வருகிறேன்" என்கிறது. நேற்று படுத்த படுக்கையாக இருந்தவரும் அதைப் பொய் இல்லாமல் சொல்லலாம். இரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாதே என்பதுதான் குவேயின் அழுத்தமான அறிவுரை. மன உறுதிக்கும் கற்பனைக்கும் சண்டை வந்தால் எப்போதும் கற்பனைதான் ஜெயிக்கும், ஆகவே முயற்சி செய்து திணிக்காதே என்றார். தொடுவானம் சொன்ன "இன்னும் உரக்க" என்பதை அவரே மறுத்திருப்பார்.

இந்த வாக்கியத்தை நான் இரண்டு வருடமாகச் சொல்கிறேன். பதற்றம் முழுதாகப் போகவில்லை. ஆனால் தூங்கும் முன் மனம் ஓடுவது நின்றது. எனக்கு அது பெரிய விஷயம்.

---

கரையோரம்

மனநல ஆலோசகராகப் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். இந்த உரையாடலில் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன்.

"அஃபர்மேஷனுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு" என்று செயலிகள் சொல்லும்போது பெரும்பாலும் காட்டுவது கிளாட் ஸ்டீல் 1988இல் விரிவாக எழுதிய கோட்பாட்டைச் சார்ந்த ஆய்வுகளை. அந்த ஆய்வுகளில் கண்ணாடி கிடையாது, "நான் அருமையானவள்" என்ற வாக்கியமும் கிடையாது. ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: குடும்பம், நட்பு, நேர்மை, கலை, நம்பிக்கை, கற்றல், இப்படி. உங்களுக்கு மிக முக்கியமானது எது என்று தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம், அதை நீங்கள் வாழ்ந்த ஒரு தருணம் எது என்று பத்துப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

இதன் பின்னால் உள்ள எண்ணம் எளிமையானது. ஒரு மீட்டிங்கில் தடுமாறினால் "நானே தடுமாற்றம்" என்று ஆகிவிடுகிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் நம் மொத்த மதிப்பையும் அந்த ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். என் வாழ்க்கைக்கு வேறு தூண்களும் இருக்கின்றன என்று எழுதிப் பார்க்கும்போது அந்த அடியின் வலு குறைகிறது. மனம் இதை எதிர்ப்பதும் இல்லை. "தங்கைக்கு உடம்பு சரியில்லாதபோது ராத்திரி முழுக்க பக்கத்தில் இருந்தேன்" என்பது நடந்த விஷயம், அதற்கு எதிராக என்ன வாதம் செய்ய முடியும்?

2005இல் டேவிட் கிரெஸ்வெல்லும் மற்றவர்களும் இப்படி ஒரு சோதனை செய்தார்கள். மதிப்பீட்டாளர்கள் முன்னால் பேசுவது, மனக்கணக்குப் போடுவது என்று ஆட்களை நெருக்கடியில் நிறுத்துவதற்கு முன், ஒரு பகுதியினரைத் தங்களுக்கு முக்கியமான விழுமியத்தைப் பற்றிச் சிந்திக்கவைத்தார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. 2006இல் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஜெஃப்ரி கோஹன் குழு செய்த எழுத்துப் பயிற்சி கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்தியது. ஆனால் பிறகு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது பலன் சிறியதாக இருந்தது, சில இடங்களில் தென்படவே இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை என்று ஆகும். இது சிறிய கருவி. சரியான இடத்தில் வைத்தால் உதவும்.

மழைத்துளி, உங்களுக்குத் தனியாக ஒன்று. ஆறு வருடம், தூக்கம் கெடுகிறது, தினமும் அழுகை என்கிறீர்கள். ஜிஏடி-7 என்று பதற்றத்தை அளக்கும், ஏழு கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் நடுக்கமும் வரும், அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வாக்கியங்களை வைத்து மட்டும் ஆறு வருடச் சுமையைத் தனியாகத் தூக்க வேண்டாம்.

---

மழைத்துளி

கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். 14 வந்தது. நேரம் வாங்கியிருக்கிறேன், அடுத்த வாரம்.

---

கரையோரம்

நல்ல காரியம் செய்தீர்கள்.

---

பழஞ்சொல்

நான் மனநலத் துறை ஆள் இல்லை, மொழிபெயர்ப்பாளர். இந்த இழையின் தலைப்பைப் பார்த்ததும் ஒன்று உறுத்தியது.

"நான் போதுமானவள்." இந்த வாக்கியத்தை நம்மில் யாராவது யாரிடமாவது எப்போதாவது பேச்சில் சொல்லியிருக்கிறோமா? தமிழில் "போதும்" என்றால் உடனே "எதற்கு?" என்ற கேள்வி வரும். பணம் போதும், நேரம் போதும், சொன்னது போதும். ஒரு மனுஷி எதற்குப் போதுமானவள்? அந்தக் கேள்வி மனதில் எழுந்ததுமே அளக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆறுதலாக வந்த வாக்கியம் அளவுகோலாக மாறிவிடுகிறது. "தகுதியானவள்" என்பதும் அப்படித்தான். அது விண்ணப்பப் படிவத்துச் சொல், தேர்வுப் பட்டியலின் வாடை அடிக்கிறது.

ஆங்கிலத்தில் அந்த வாக்கியங்கள் எப்படி ஒலிக்கின்றனவோ எனக்குத் தெரியாது. தமிழில் நம்மை உண்மையிலேயே தேற்றிய சொற்களை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் கை வைத்து யாரோ சொன்னது, தேர்வில் தோற்று வந்தபோது வாசலிலேயே கேட்டது. "சரி விடு." "பார்த்துக்கலாம்." "நான் இருக்கேன்ல." "என்ன ஆயிடப் போகுது இப்போ?" "இதுவும் போகும்." "முதல்ல வந்து உட்காரு."

இவற்றில் ஒன்றுகூட நம்மைப் புகழவில்லை. யாரும் நம் தரத்தைப் பேசவே இல்லை. "பார்த்துக்கலாம்" என்ற ஒரே சொல்லில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பிரச்சினை இருக்கிறது என்பதை அது மறுக்கவில்லை. தீர்வு தெரியும் என்று பொய் சொல்லவில்லை. இப்போதே முடிவு செய் என்று நெருக்கவில்லை. கடைசியில் அந்த "-லாம்" இருக்கிறதே, அதில் இன்னொருவரும் சேர்ந்து நிற்கிறார்.

நம்முடைய அஃபர்மேஷன்கள் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. செயலியில் இருப்பது தமிழ் எழுத்தில் எழுதிய வேறு ஒரு மொழி. அதை மனம் எப்படி நம்பும்? நம்மிடம் அன்பாக இருந்த யாருமே அந்த மொழியில் பேசியதில்லையே.

---

கீழைக்காற்று

பழஞ்சொல், "முதல்ல வந்து உட்காரு" என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பாட்டி சொல்வது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எனக்கே அதைச் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் துரத்தவில்லை.

---

மழைத்துளி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு சரியாக இருக்கிறது. சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழகும் பேச்சுவழிச் சிகிச்சை) தொடங்கலாம் என்றார், முதல் அமர்வு முடிந்தது.

செயலியை நீக்கிவிட்டேன். பத்து வாக்கியத்துக்குப் பதில் இப்போது இரண்டுதான். "பார்த்துக்கலாம்." "தேறி வருகிறேன்." இரண்டுக்கும் உள்ளிருந்து எதிர்ப்பு வரவில்லை. இரண்டாவதற்குச் சில நாள் மட்டும் "அப்படியா?" என்று ஒரு குரல் வருகிறது, ஆனால் அது முன்பு போலக் குத்துவது இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் இன்னும் மாட்டிக்கொள்கிறேன். மீட்டிங்குக்கு முந்தைய ஐந்து நிமிடம். இதயம் அடிப்பது காதில் கேட்கிறது. "அமைதியாக இரு" என்று சொல்லச் சொல்ல அது கூடுகிறது. அந்த நேரத்தில் என்ன சொல்லிக்கொள்வது?

---

எழுத்தாணி

அந்த ஐந்து நிமிடத்தில் "அமைதி" என்ற சொல்லையே பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

ஹார்வர்டில் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். மேடைப்பேச்சுக்கு முன்னால் சிலரை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றும், சிலரை "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் சொல்லவைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள் அதிக நேரம் பேசினார்கள், கேட்டவர்களும் அவர்கள் பேச்சே நன்றாக இருந்தது என்றார்கள். பதற்றத்திலும் உடம்பு விழிப்பின் உச்சத்தில் இருக்கிறது, உற்சாகத்திலும் அப்படியே. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைச் சட்டென்று நிறுத்துவதைவிட, ஓட்டத்திலேயே திசை மாற்றுவது சுலபம். உங்களுக்கு "உற்சாகம்" பெரிய சொல்லாகப் பட்டால் "உடம்பு தயாராகுது" என்று சொல்லிக்கொள்ளுங்கள். அது பொய்யே இல்லை, அட்ரினலின் அந்த வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்று, "நான்" என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லி நீங்களே உங்களிடம் பேசிப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸ் குழு 2014இல் இதைச் சோதித்தது. பெயர் சொல்லியோ "நீ" என்றோ தங்களிடம் பேசிக்கொண்டவர்கள், "நான்" என்று யோசித்தவர்களைவிடப் பேச்சு நெருக்கடியை நன்றாகச் சமாளித்தார்கள், பிறகு அதை நினைத்து நினைத்து மருகுவதும் குறைவாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் இடம் கிடைக்கிறது.

பழஞ்சொல் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். தமிழில் இதற்கு எத்தனை வழி இருக்கிறது! "ஏம்மா, போன தடவையும் இப்படித்தானே இருந்துச்சு, முடிச்சிட்டுத்தானே வந்த?" நமக்கு மூத்தவர் ஒருவர் நம்மிடம் பேசும் தொனி. நானே தேர்வு அறைக்கு வெளியே நின்று எனக்கு இப்படிப் பேசியிருக்கிறேன், வாய்விட்டு.

"என்னால் முடியும்" என்பதற்குப் பதில் "முடியுமா?" என்று கேட்டுக்கொள்வதும் சிலருக்கு ஒத்துவரும். 2010இல் வந்த ஓர் ஆய்வில், எழுத்துகளை மாற்றிப்போட்டுச் சொல் கண்டுபிடிக்கும் புதிருக்கு முன்னால் கேள்வி வடிவில் எழுதியவர்கள், உறுதி வடிவில் எழுதியவர்களைவிட அதிகப் புதிர்களை அவிழ்த்தார்கள். கேள்வி கேட்டால் மனம் "எப்படி?" என்று வழி தேட ஆரம்பிக்கிறது. ஆனால் மழைத்துளி, உங்கள் உள்குரல் இப்போது "முடியாது" என்று பதில் சொல்லத் தயாராக நிற்பதால், இதைக் கொஞ்ச நாள் கழித்து முயலுங்கள்.

---

தொடுவானம்

எல்லாவற்றையும் படித்தேன். "இன்னும் உரக்க" என்று சொன்னதற்கு மழைத்துளியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு வேலை செய்தது என்பதால் எல்லாருக்கும் செய்யும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு கேள்வி உண்மையாகவே இருக்கிறது. நான் நாலு வருடமாகச் சொல்லும் வாக்கியம் "நான் பாதுகாப்பாக இருக்கிறேன்." இப்போது யோசித்துப் பார்த்தால், சொல்லும்போது அதன் பொருளை நான் நினைப்பதே இல்லை. இருபது தடவைக்கு மேல் போனால் அது வெறும் ஓசை. இருந்தும் உடம்பு தளர்கிறது. பொருள் இல்லாத ஓசை எப்படி உதவுகிறது?

---

கரையோரம்

அருமையான கேள்வி, தொடுவானம். இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று மூச்சு. மெதுவாக ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லும்போது காற்றை வெளியே விட்டுக்கொண்டேதான் சொல்கிறீர்கள். நீளமான வெளிமூச்சு, குறுகிய உள்மூச்சு. வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், வேகஸ் நரம்பின் வேலை அது. உங்கள் வாக்கியத்தின் நீளமும் நீங்கள் சொல்லும் நிதானமும் சேர்ந்து ஒரு மூச்சுப் பயிற்சியாகிவிட்டன. ஆகவே அதை விடாதீர்கள்.

இரண்டாவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் பொருள் தேய்ந்துபோகிறது. எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாலும் அரை நிமிடம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், வெறும் சத்தமாகிவிடும். நூறு வருடத்துக்கு முன்பே டிச்னர் என்ற உளவியலாளர் இதை எழுதியிருக்கிறார்.

இங்கேதான் நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறது. திரும்பச் சொல்வது பொருளைத் தேய்க்கும் என்றால், எதைத் தேய்க்க வேண்டும்? நல்ல வாக்கியத்தையா, கெட்ட வாக்கியத்தையா? ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய ஏற்பு, ஈடுபாட்டுச் சிகிச்சையில் (ஆக்ட், ACT என்பார்கள்) நம்மை வதைக்கும் சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறோம். "உதவாக்கரை" என்பது ஒருவரைத் துன்புறுத்தும் சொல் என்றால், அதை முப்பது விநாடி வேகமாக, உரக்கச் சொல்லவைப்போம். உ-த-வா-க்-க-ரை என்று அது உதிர்ந்து ஒலிகளாகிவிடும். சொன்னவர் முகத்தில் வரும் வியப்பை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு நாள் என்னை ஆட்டிவைத்தது இந்த ஆறு எழுத்துதானா என்பது போல.

அதே முறையில் இன்னொரு சிறு மாற்றமும் உண்டு. "நான் லாயக்கில்லை" என்பதை "நான் லாயக்கில்லை என்ற எண்ணம் இப்போது வருகிறது" என்று சொல்வது. அந்த எண்ணத்தோடு வாதாட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட வெள்ளைக் கரடிச் சோதனை சாட்சி. வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது.

மழைத்துளி, கடுமையான பழைய காயத்தோடு தொடர்புள்ள சொல்லாக இருந்தால் முதல் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் சிகிச்சையாளரோடு செய்யுங்கள்.

---

வேர்க்கால்

இதுவரை எல்லாரும் பதற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தன்மதிப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் "நான் வெற்றியாளன்" என்று எழுதிய தாளை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னை அவமானப்படுத்தும். வெற்றி கிடைத்தால்தான் எனக்கு மதிப்பு என்பதை நானே பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன் என்று அப்போது புரியவில்லை.

நண்பன் ஒருவன் வந்தான். அவனும் முன்பு வேலையை இழந்தவன். அவன் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று கேட்டான். யோசித்தேன். "நீ வெற்றியாளன்டா" என்று நான் சொல்லவே இல்லை. "கஷ்டமாத்தான் இருக்கும். யாருக்கு இருந்தாலும் இருக்கும். சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறேன். "அதை உனக்கு நீ சொன்னியா?" என்றான்.

பிறகுதான் கிறிஸ்டின் நெஃப் என்பவர் சுயபரிவு பற்றி எழுதியதைப் படித்தேன். வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வது, இது மனிதர்கள் எல்லாருக்கும் நேர்வது என்று உணர்வது, நண்பனிடம் காட்டும் கனிவைத் தன்னிடமும் காட்டுவது, இந்த மூன்றையும் அவர் சொல்கிறார். நான் அவனிடம் சொன்ன மூன்று வாக்கியத்திலும் அவை அப்படியே இருந்தன.

அன்றைக்குத் தாளைக் கிழித்துவிட்டு ஒரு நோட்டு போட்டேன். ராத்திரி இரண்டு வரி, நடந்தது மட்டும். "இரண்டு விண்ணப்பம் அனுப்பினேன்." "பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன்." "இன்று ஒன்றும் செய்யவில்லை. குளித்தேன்." வேலை கிடைத்து மூன்று வருடமாகிறது, நோட்டு இன்னும் போகிறது. மோசமான நாளில் பின்னால் புரட்டுவேன். உள்குரல் என்ன வாதம் வைத்தாலும், என் கையெழுத்தில் தேதியோடு பதில் இருக்கிறது.

---

மழைத்துளி

மூன்று வாரம் ஆகிவிட்டது.

நாலாவது அமர்வு முடிந்தது. கரையோரம் சொன்ன எழுத்துப் பயிற்சியையும் ஒரு இரவு செய்தேன். எனக்கு முக்கியமானது எது என்று பட்டியலைப் பார்த்தபோது "வெற்றி" பக்கம் கை போகவே இல்லை, ஆச்சரியமாக இருந்தது. "நம்பத்தகுந்தவளாக இருப்பது" என்பதை எடுத்தேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். ஏன் என்னிடம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. எழுதும்போதுதான் யோசித்தேன். நான் திட்ட மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பெரிய மீட்டிங். வெளியே நின்றபோது இதயம் காதில் கேட்டது. என் பெயரைச் சொல்லி, "உடம்பு தயாராகுதும்மா, பார்த்துக்கலாம்" என்றேன். குரல் முதல் இரண்டு நிமிடம் நடுங்கியது. மூன்றாவது ஸ்லைடில் ஒரு எண்ணைத் தவறாகச் சொன்னேன், திருத்திக்கொண்டேன். அன்று ராத்திரி "லாயக்கில்லை" வந்தது. "அந்த எண்ணம் வருகிறது" என்று நோட்டில் எழுதிவைத்தேன். அடுத்த நாள் மதியத்துக்குள் போய்விட்டது. முன்பெல்லாம் மூன்று நாள் இருக்கும்.

காலை அழுத்தம் இன்னும் இருக்கிறது. அதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

---

சாம்பல்குருவி

மூன்று நாள் ஒரு நாளாகியிருக்கிறது. குவே கேட்டிருந்தால் கயிற்றில் ஒரு முடிச்சைத் தொட்டிருப்பார்.

---

நிலாமுற்றம்

புதிதாக வருகிறேன். என் மகளுக்கு 14 வயது. அறைச் சுவர் முழுக்க இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதி ஒட்டியிருக்கிறாள், பதினைந்துக்கு மேல் இருக்கும். நல்ல பழக்கம் என்று சந்தோஷப்பட்டேன். இந்த இழையைப் படித்தபின் பயமாக இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லவா?

---

கரையோரம்

வேண்டாம் அம்மா. அவள் ஒட்டியதை நீங்கள் எடுக்கச் சொன்னால், தனக்கு உதவி தேடிக்கொள்ளும் விதமும் தவறு என்றுதான் அவளுக்குக் கேட்கும். அவளுக்கு அவை நன்றாகவே வேலை செய்துகொண்டும் இருக்கலாம்.

அவள் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நேரத்தில் அறைக்குப் போய் அந்தத் தாள்களை வாசியுங்கள். பாராட்டவும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். "இதில் சொல்ல ரொம்பக் கஷ்டமாக இருப்பது எது?" என்று மட்டும் கேளுங்கள். அவள் எதைக் காட்டினாலும் "அப்படியெல்லாம் இல்லை, நீ நல்ல பெண்தானே" என்று உடனே மறுத்துவிடாதீர்கள். "எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வாழப் பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு வந்தால் மட்டும் அன்றே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம்.

---

நிலாமுற்றம்

நேற்று கேட்டேன். ஜன்னல் பக்கம் இருந்த ஒரு சின்னத் தாளைக் காட்டினாள். "என்னை எல்லாருக்கும் பிடிக்கும்" என்று எழுதியிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சும்மா இருந்தேன். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினாள். பள்ளியில் ஏழெட்டு மாதமாக நடந்துகொண்டிருந்த ஒன்று, எனக்குத் தெரியவே இல்லை. திங்கட்கிழமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறோம், அவளும் வருகிறேன் என்றாள்.

அந்தத் தாளை அவளே எடுத்துவிட்டு வேறு ஒன்றை ஒட்டினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை.